நிற்காத மோட்டார்

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் விஜய்பாண்டிக்கு அது உறைத்தது. பிரிட்ஜ் மோட்டார் இன்னும் நிற்கவில்லை.

ஓடுகிற மோட்டார் ஓடுவதில் என்ன அதிசயம் என்று தோன்றலாம். பிரிட்ஜும் உழவு மாடு மாதிரிதான், கொஞ்ச நேரம் உழும், கொஞ்ச நேரம் நின்று அசைபோடும். உள்ளே வேண்டிய குளிர் சேர்ந்ததும் தெர்மோஸ்டாட் 'டக்' என்று கரண்டை வெட்டிவிடும். குளிர் குறைந்ததும் மறுபடி 'டக்' என்று சேர்த்துவிடும். தென்காசி வட்டாரத்தில் எந்த வீட்டுக்கு ரிப்பேருக்குப் போனாலும் அவன் கேட்கிற முதல் கேள்வி, "மோட்டார் நின்னு நின்னு ஓடுதா, நிக்காம ஓடுதா?" என்பதுதான். இப்போது அவன் வீட்டிலேயே நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அவன் கையாலேயே மாட்டிய மோட்டார். அப்போது பிடித்த ஓட்டம், ஒரே சுருதியில், வாயைத் திறக்காமல் யாரோ முனகுவது போல, அடுப்படியிலிருந்து வீடு முழுக்க வந்துகொண்டிருந்தது.

வெளியே சாரல் விட்டபாடில்லை. மேலகரத்தில் அவர்கள் தெருவுக்கு மேற்கே மலை இருக்கிறதா இல்லையா என்றே தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கூட்டம் அருவிக்குப் போகிற அவசரத்தில் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஹாரன் சத்தத்தையும் மீறி மோட்டார் சத்தம் கேட்டதுதான் அவனுக்குப் பிடிக்கவில்லை.

வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியன் பிள்ளை சீக்கு என்பார்கள். மெக்கானிக் வீட்டு பிரிட்ஜ் மட்டும் என்ன, சாகாவரமா வாங்கி வந்திருக்கிறது? முந்தின நாள் ராத்திரியே மோட்டார் மண்டையைப் போட்டுவிட்டது. வேறு சமயமாக இருந்தால் பாலும் மாவும் கெட்டால் கெட்டுப் போகிறது என்று விட்டிருப்பான். ஆனால் கதவுத் தட்டில் அபியின் இன்சுலின் குப்பிகள் இருந்தன. மகள் அபிக்கு ஒன்பது வயதுதான் ஆகிறது. போன வருஷம் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்து, தப்பிப் பிழைத்ததே பெரிய காரியம். அன்றிலிருந்து காலையும் மாலையும் அந்த மருந்துதான் அவளுக்கு உயிர். அது கெட்டுப் போனால் பிள்ளை கெட்டுப் போகும் என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்பேர் கடை கிடையாது. விஜய்பாண்டியிடம் வாடகைக்கு விடுகிற பிரீசர் பெட்டி ஒன்று இருந்தது. துட்டி வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து முகம் பார்க்கும் வரை, செத்தவர்களைப் படுக்கவைக்கிற கண்ணாடிப் பெட்டி. புளியறை ஊரில் ஒரு துட்டி வீட்டிலிருந்து வெள்ளிக்கிழமைதான் திரும்பி வந்து பின்பக்கக் கொட்டகையில் கிடந்தது. அதன் மோட்டாரை அறுத்தெடுத்து, பிரிட்ஜில் வைத்துப் பற்றவைத்து, கேஸ் அடைத்துவிட்டான். பெற்ற பிள்ளைக்கு முன்னால் நல்லது கெட்டது பார்க்க முடியுமா?

சாயங்காலம் அவன் மனைவி சுகந்தி போன் செய்தாள். வாசுதேவநல்லூரில் தன் தங்கை வீட்டுச் சடங்குக்குப் போயிருந்தாள்.

"பஸ்ஸே வர மாட்டுக்கு. புள்ள என்ன செய்யுதா? பிரிட்ஜு சரியாயிட்டா?"

"ஓடுது."

"மோட்டாரு ஏது?"

அவன் சொன்னான்.

"புளியறையில சுவிட்ச யாரு அணைச்சா?" என்றாள் சுகந்தி.

"அந்த வீட்டு ஆளுதான். வேற யாரு அணைப்பா?"

"சத்தியமா?"

"ஏட்டி, போன வையி. மருந்து போடுத நேரமாச்சு."

வைத்த பிறகு அவனுக்கு வாய் கசந்தது. பிரீசர் பெட்டித் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பிணத்தை எடுத்ததும் பெட்டியின் சுவிட்சை அந்த வீட்டு ஆள் ஒருத்தர்தான் தன் கையால் அணைக்க வேண்டும். கடைக்காரன் தொடக்கூடாது. தொட்டால் செத்தவர் அவனைத் தன் ஆள் என்று நினைத்துக்கொள்வாராம். எத்தனையோ வீடுகளில், அழுது ஓய்ந்தவர்களைக் கூப்பிட்டு, "அண்ணாச்சி, சுவிட்ச நீங்க அணைங்க" என்று பக்கத்தில் நின்று சொன்னவன்தான் அவன். வெள்ளிக்கிழமை மட்டும் தவறிவிட்டது. அபிக்குத் தலை சுற்றுகிறது என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்திருந்தது. சவ ஊர்வலம் தெருமுனை தாண்டிவிட்டது. பெண்களும் குளிக்கப் போய்விட்டதில் வீட்டில் கூப்பிட ஆள் இல்லை. அவனே அணைத்தான்.

அந்தப் பெட்டியில் கிடந்த கிழவியின் பெயர் தங்கத்தாய். பட்டாளத்தில் இருக்கிற ஒரே மகனுக்காக அவளை நாள் கணக்கில் வைத்திருந்தார்கள். எல்லையில் மலை சரிந்து பாதை அடைபட்டதில் அவனால் வரவே முடியவில்லை. கடைசியில் மகன் முகம் பார்க்காமலே எடுத்தார்கள்.

அதெல்லாம் கிழடுகட்டைகள் பேச்சு என்று தன்னையே அதட்டிக்கொண்டு அவன் பிரிட்ஜைத் திறந்தான். இன்சுலின் குப்பி தெளிவாக இருந்தது. உறையவில்லை, கலங்கவில்லை. போடுவதற்கு முன் குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து உருட்டிச் சூடேற்றுவது அவன் பழக்கம். உருட்டினான். வழக்கத்தைவிட அதிக நேரம் உருட்டினான். குப்பி சூடாகவில்லை, கைதான் விறைத்தது. அபி சட்டையைத் தூக்கிக்கொண்டு வயிற்றைக் காட்டி நின்றாள். மருந்து போடாமல் சாப்பிட வைக்கவும் முடியாது, சாப்பிடாமல் விடவும் முடியாது. போட்டான்.

"ஆத்தாடி, குளுருதுப்பா!" என்றாள். ஊசிக்கு அழுகிற வயதை அவள் எப்போதோ தாண்டியிருந்தாள். இப்போது கண் கலங்கியது.

"பிரிட்ஜுல இருந்து எடுத்ததுல்லா. செத்த நேரத்துல சரியாயிரும்."

இரண்டு இட்லி தின்றாள். படுக்கப் போகிறேன் என்றாள். விரல் நுனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தான். சர்க்கரை சரியாகவே இருந்தது. அவனுக்கு மூச்சு வந்தது. போர்வையைக் கழுத்து வரை இழுத்துவிட்டு அடுப்படிக்குத் திரும்பினான்.

சத்தம் கொஞ்சம் கூடியிருந்தது.

சரி, முறையாகப் பார்ப்போம் என்று உட்கார்ந்தான். பயம் வந்தால் கைக்கு வேலை கொடுப்பதுதான் அவனுக்குத் தெரிந்த மருந்து. முதலில் தெர்மோஸ்டாட். திருகைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தான். 'டக்' என்று வெட்டியது. மோட்டார் நிற்கவில்லை. உள்ளே கரண்டைச் சேர்க்கிற பாயிண்ட் ஒட்டிக்கொண்டிருக்கும் என்று அதைக் கழற்றியே வெளியே எடுத்தான். நிற்கவில்லை. கதவு ரப்பரில் ஒரு காகிதத்தை வைத்து மூடி இழுத்துப் பார்த்தான். கவ்விப் பிடித்திருந்தது, காற்று புக வழியில்லை. மோட்டாரைக் கிளப்பிவிடுகிற ரிலேயைத் தொட்டான். சில்லென்று இருந்தது.

பிரிட்ஜை நகர்த்திப் பின்பக்கம் கை வைத்தான். பழைய ஒற்றைக் கதவு பிரிட்ஜ் அது. முதுகில் கறுப்புக் கம்பி வலை இருக்கும். உள்ளே இருக்கிற சூட்டை உறிஞ்சி அந்தக் கம்பி வழியாக வெளியே தள்ளுவதுதான் பிரிட்ஜ் செய்கிற வேலை, வேறு மாயம் ஒன்றும் அதில் கிடையாது. ஓடுகிற பிரிட்ஜின் முதுகு சுட வேண்டும். இந்த முதுகு ஐஸாக இருந்தது. உள்ளேயும் குளிர், வெளியேயும் குளிர் என்றால் உறிஞ்சிய சூடெல்லாம் எங்கே போகிறது? தொழிலுக்கு வந்த நாளிலிருந்து பதில் தெரியாத கேள்வி என்று ஒன்று இதுவரை அவனுக்கு வந்ததில்லை.

மோட்டார் தலைமேல் இருக்கிற தண்ணீர்த் தட்டை உருவினான். நிறைந்திருந்தது. உள்ளே ஐஸ் உருகி வழிகிற தண்ணீர் கொஞ்சம் பாசி நாற்றம் அடிக்கும், அவ்வளவுதான். இதில் பன்னீரும் சம்பங்கியும் ஊதுபத்திப் புகையும் கலந்து அடித்தது. துட்டி வீட்டு நடுக்கூடத்து வாடை. அதற்கு அடியில், விபூதி பூசிய கிழட்டு நெற்றியின் வாடை. தட்டு கையிலிருந்து நழுவி, தண்ணீர் அவன் முழங்காலை நனைத்துக்கொண்டு தரையில் ஓடியது.

அப்போதுதான் கரண்ட் போனது.

ஃபேன் தேய்ந்து நின்றது. பக்கத்து வீட்டு டிவி நின்றது. எதிர்வீட்டு மிக்ஸி நின்றது. தெரு முழுக்க ஒரு நொடியில் அடங்கி, கூரையில் சாரல் விழுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது.

சாரலும், மோட்டாரும்.

ம்ம்ம்ம்.

விஜய்பாண்டி அசையவில்லை. வீட்டில் இன்வெர்ட்டர் கிடையாது. பிளக்கைப் பிடுங்கினான். செல்போன் வெளிச்சத்தில் மூன்று முள்ளையும் பார்த்தான். பிளக் கையில் இருக்கிறது. ம்ம்ம்ம். கட்டரை எடுத்து மோட்டாருக்குப் போகிற ஒயர்களை வெட்டினான். ம்ம்ம்ம். செம்புக் குழாயை நசுக்கி அறுத்தான். கேஸ் சீறிக்கொண்டு வெளியேறித் தீர்ந்தது. ம்ம்ம்ம்.

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால், ஸ்க்ரூடிரைவர் நுனியை அங்கங்கே ஊன்றி, பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள் மெக்கானிக்குகள். டாக்டர் குழாய் வைக்கிற மாதிரிதான். மோட்டாரின் கறுப்புச் சட்டியில் வைத்தான். ஒன்றுமில்லை. வெறும் இரும்பு. பிரிட்ஜ் உடம்பில் வைத்தான். ஒன்றுமில்லை.

தரையில் வைத்தான். இருந்தது.

சுவரில் வைத்தான். அடுப்பு மேடைப் பக்கம் குறைந்தது. கூடத்துப் பக்கம் கூடியது. சுவரைத் தடவிக்கொண்டே நகர்ந்தான். ஊன்றினான், கேட்டான். ஊன்றினான், கேட்டான். கூடத்துத் தூண். ஸ்விட்ச் போர்டு. படுக்கையறை நிலை.

நிலையில் காது அதிர்ந்தது.

உள்ளே குளிர் முழங்கால் அளவுக்குத் தேங்கியிருந்தது. ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. சம்பங்கி வாடை. கட்டில் காலில் நுனியை வைத்தான். பிடி கைக்குள் துடித்தது.

அபி சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தாள்.

ஸ்க்ரூடிரைவரைக் கீழே போட்டான். பிள்ளை மேல் இரும்பை வைக்க மனம் வரவில்லை. குனிந்தான். அவள் முதுகில் காதை வைத்தான்.

ம்ம்ம்ம்.

சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. போர்வை முழுக்க நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அந்தச் சின்ன முதுகெலும்புக்கு உள்ளே, ஒரே சுருதியில், ஒரே சீராக, அது ஓடிக்கொண்டிருந்தது. நெஞ்சுத் துடிப்பைத் தேடினான். வேறு துடிப்பு எதுவும் இல்லை. இது மட்டும்தான்.

"அபி. ஏட்டி, அபி. எந்திரிம்மா."

சுருதி தடுமாறியது. ஒரு குலுக்கல். இன்னொன்று. அவனுக்கு அது தெரியும். நிற்கப் போகிற மோட்டார் அப்படித்தான் குலுங்கும்.

"நிக்காத," என்றான். மத்தியானத்திலிருந்து அது நிற்க வேண்டும், நிற்க வேண்டும் என்று தவித்தவன்தான். "நிக்காத தாயீ. ஓடு. ஒன் கால்ல விழுதேன், ஓடு."

அபி மெதுவாகத் திரும்பினாள். அவள் முகம்தான். கண் மட்டும் நெடுநாள் வழி பார்த்த கண். அவன் கன்னத்தைத் தடவியது, சூடே இல்லாத ஒரு கை.

"ஏய்யா," என்றாள், பல் இல்லாத வாயின் குழறலோடு. "வந்துட்டியா?"

முகத்தில் நிம்மதி பரவியது.

டக்.

வீடு அமைதியானது. திறந்தபடியே நின்றுவிட்ட பிள்ளையின் வாயிலிருந்து வெள்ளைக் குளிர்ப்புகை வழிந்து, தலையணையைத் தாண்டி, அவன் பாதங்களின் மேல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.