செருப்போடு வைத்த கால்

ஐயம்பெருமாள் தன் வில்வண்டியிலிருந்து உலகம்மாளைத் தூக்கி இறக்கி, திருஞானசம்பந்தத்தின் வீட்டு முற்றத்தில் உட்கார வைத்தபோது வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுது. காலையில் இரண்டு காலோடு கோயிலுக்குப் போனவளுக்கு இப்போது வலது முழங்காலுக்குக் கீழே ஒன்றுமில்லை.

"ஏட்டையா, என் காலைக் களவாண்டுட்டாவ" என்றாள்.

டில்லியில் சக்கரவர்த்திக்குத் தர்பார் நடக்கப்போகிறது என்று எங்கும் பேச்சாக இருந்த வருஷம் அது. தாமிரபரணிக் கரையில் அப்போது உயிர்க்கால் என்று ஒன்று இருந்தது. மரக்கால்தான். ஆனால் கட்டிக்கொண்டால் சொந்தக் கால் போல மடங்கும், விரலை அசைக்கும், சேற்றில் வழுக்காது. ஒரு காலத்தில் ஏழு பேரிடம் இருந்ததாம். செய்யத் தெரிந்தவன் காலராவில் போய்ச் சேர்ந்தான். மிஞ்சியது உலகம்மாளின் கால் ஒன்றுதான். அதைக் கட்டிக்கொண்டு, தலையில் மோர்ப்பானையோடு நாலு ஊருக்கு நடந்து அவள் பிழைத்தாள். கால் போனால் அடுப்பும் அணைந்தது.

"அத ஏன் கழத்தின?" என்று கேட்டார் திருஞானசம்பந்தம். பொய் வாக்குமூலம் எழுத மாட்டேன் என்று போலீஸ் ஏட்டு வேலையை உதறிவிட்டு வந்த மனிதர். எதற்கும் குரலை உயர்த்த மாட்டார்.

"தோல்வாரு வச்சுக் கட்டுததுல்லா. தோலு கோயிலுக்குள்ள வரப்படாதுன்னு தருமகர்த்தா பிள்ளைவாள் சொல்லிட்டாக. அஞ்சு வருசமா வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, செருப்போட செருப்பா அத வாசல்ல வச்சிட்டுத் தவந்துதான் உள்ள போகுதேன்."

சொன்னவள் அழவில்லை. கேட்ட ஐயம்பெருமாளுக்குத்தான் முகம் சிவந்தது. எழுதுகிற எனக்கும் வயிறு எரிகிறது. நடக்கத் தெரிந்த ஒருத்தியைத் தவழவிட்டு, அதற்கு ஆசாரம் என்று பேர் வைத்து, ஒரு ஊரே ஐந்து வருஷம் வேடிக்கை பார்த்திருக்கிறது.

"கால் ரொம்பப் பழசோ?"

"கட்டை ரெண்டு தடவை செல்லரிச்சுப் போச்சு, ஏட்டையா. பக்கத்துத் தெரு ஆசாரிதான் புதுசு வெட்டித் தந்தாரு. வாரு மட்டும், காலராவுல போன முத்துமாலை அண்ணன் தந்த அதே வாரு. பாவம், இருந்த காலத்துல அந்தக் கோயில் தெருப் பக்கமே அவர விடமாட்டாவ."

திருஞானசம்பந்தம் அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார்.

அம்பாசமுத்திரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆற்றங்கரையில் இருந்தது அந்த அம்மன் கோயில். வாசலில் செருப்புக் காவல் இருந்த பூதலிங்கம் கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"களக்காட்டுக் கூட்டம் ஒண்ணு வண்டி கட்டி வந்துச்சு, ஐயா. அவுக செருப்ப வாங்கி அடுக்கிட்டுத் திரும்புனேன். காலக் காணல."

எதிரே மரக்கடை வைத்திருந்த காஜா முகைதீன் தானாகவே வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு நாளைக்கு அந்தக் காலக் குடு, மாதிரி பாத்துட்டுத் தாரேன்னு நான் கேட்டது நெசந்தான். அவ மாட்டேன்னுட்டா. அல்லா மேல ஆணை, நான் எடுக்கல."

"இவருதான் அண்ணாச்சி" என்று ஐயம்பெருமாள் காதைக் கடித்தான்.

"பைய வே" என்றார் திருஞானசம்பந்தம்.

தருமகர்த்தா சிவசண்முகம் பிள்ளையின் வீடு கோயிலை ஒட்டி இருந்தது. நெற்றியில் ஈரம் காயாத திருநீறோடு ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருந்தார். பக்கத்துப் பலகையில், தர்பார்ப் பட்டம் கேட்டுக் கலெக்டர் துரைக்கு எழுதிய மனு கிடந்தது. நடை வழியே பார்த்தால் கொல்லைக் கொடி தெரிந்தது. அதில் இரண்டு வேட்டிகள். ஒன்று மொரமொரவென்று காய்ந்திருந்தது. மற்றது சொட்டிக்கொண்டிருந்தது.

"வீட்டு ஆம்பளையாள் நீங்க மட்டுந்தானா?"

"ஆமா. மகன் பட்டணத்துல இருக்கான்."

"பிள்ளைவாளுக்கு ஆத்துக் குளியலோ?"

"விடியமுன்ன ஒரு முழுக்கு. அதத் தப்ப மாட்டேன்."

"தெருவுல துட்டி, சாவுன்னு ஏதும் உண்டா?"

"ஒண்ணுமில்ல. ஏன் கேக்கீரு?"

"சும்மாதான்" என்று எழுந்த திருஞானசம்பந்தம், வெளியே வந்ததும் ஐயம்பெருமாளிடம் ஏதோ சொன்னார். அவன் படித்துறைப் பக்கம் ஓடினான்.

வெயில் தாழ்ந்தபோது கோயில் வாசலில் எல்லோரும் கூடினார்கள். உலகம்மாள் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"பூதலிங்கம் தெனமும் தோல்ல புழங்குத ஆளு" என்று தொடங்கினார் திருஞானசம்பந்தம். "காஜா முகைதீன் அண்ணாச்சிக்குத் தோலத் தொட்டாத் தீட்டு இல்ல. தோலத் தொட்ட கையோட வீட்டுக்குள்ள நுழைய மாட்டாம, ஆத்துக்குப் போயி தலை முழுகுத ஆளு இங்கன ஒருத்தர்தான். விடியக் குளிச்ச பிள்ளைவாள், சாவுத் தீட்டும் இல்லாம, இன்னிக்கு ரெண்டாம் தடவை எதுக்குக் குளிச்சீக?"

சிவசண்முகம் பிள்ளை ஒரு அடி முன்னால் வந்தார். "வேட்டிய வச்சு வழக்கா? அப்படின்னா அந்த வாரு எங்க வே?"

"சொல்லுதேன். தோல வீட்டுக்குள்ள கொண்டுபோக மாட்டீக. முழுகுத தண்ணியிலயும் போட மாட்டீக. அப்ப வீட்டுக்கும் படித்துறைக்கும் நடுவுலதான் எறிஞ்சிருக்கணும். அங்கன இருக்கது ஒரே ஒரு தாழம்புதர்."

ஐயம்பெருமாள் கையை நீட்டினான். முள் கீறிய அந்தக் கையில் கிடந்த தோல்வார், வெட்டுப்பட்ட பல்லிவால் போலத் துடித்துக்கொண்டிருந்தது.

கூட்டம் ஒரு அடி பின்வாங்கியது. தருமகர்த்தா அந்த வாரையே வெறித்துப் பார்த்தார். "அது... அந்தக் கட்டையில ஒரு விரல்கூட அசையலையே" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

"எப்படி அசையும்? கட்டைய ரெண்டு தடவை மாத்தியும் அவ நடந்தா. வித்தை மரத்துல இல்ல, வாருல இருக்கு. அதச் செஞ்ச முத்துமாலை தச்சன் இல்ல பிள்ளைவாள், செருப்புத் தைக்கிறவன். இந்தத் தெருவுல நீங்க விடாத ஆளு. கலெக்டர் துரைகிட்டக் காட்டி, தர்பார்ல பட்டம் வாங்க நெனச்சீக. உசுரத் தாழம்புதர்ல எறிஞ்சிட்டு, வெறகை வீட்டுக்குள்ள பூட்டி வச்சிருக்கீக."

"போலீசுக்குப் போவோம் அண்ணாச்சி. இவர நாலு பேர் பாக்க இழுத்துட்டுப் போகணும்" என்று பல்லைக் கடித்தான் ஐயம்பெருமாள்.

"போலீசு பொறவு" என்றாள் உலகம்மாள். "கழத்தி எறிஞ்சவுகளே மொதல்ல கட்டி விடட்டும்."

"நான் தொட மாட்டேன்" என்றார் தருமகர்த்தா.

"காலையில தொட்ட கைதான" என்றார் திருஞானசம்பந்தம். முதல்முறையாக அவர் குரல் உயர்ந்திருந்தது.

ஒருவரும் தருமகர்த்தாவுக்காகப் பேசவில்லை. அவர் வீட்டிலிருந்து கட்டை வந்தது. பட்டுக்கரை வேட்டியோடு அவர் புழுதியில் மண்டியிட்டு, தோல்வாரை எடுத்து, மோர்க்காரியின் முழங்காலில் சுற்றினார்.

"இன்னும் இறுக்கும்" என்றாள் உலகம்மாள்.

இறுக்கினார். மரவிரல்கள் அவர் உள்ளங்கையில் அசைந்தன. உலகம்மாள் எழுந்து நின்று சேலையை உதறிக்கொண்டாள். கூட்டம் தானாக விலகிக் கோயிலுக்கு வழி விட்டது.

"கட்டுன காலோடயே உள்ள போ தாயி. இன்னிக்கு எவனும் தடுக்க மாட்டான்" என்றான் ஐயம்பெருமாள்.

அவள் கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"அஞ்சு வருசம் நான் தவந்து வந்தத அம்மன் பாத்துக்கிட்டுத்தான இருந்தா. இனி என்னப் பாக்கணும்னா அவ வெளிய வரட்டும்."

சொல்லிவிட்டுத் திரும்பி, ஊர்ப் பாதையில் விறுவிறுவென்று நடந்து போனாள்.