மாதுளை முத்திரை

அந்தக் கரண்டியில் ஈர மண் வாசனை அடித்தது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான் கெராவ். பார்சிலோனா வெள்ளித் தட்டார் சங்கத்தில் தரம் பார்ப்பவனுக்கு நாற்றமெல்லாம் பழகிப்போனதுதான். காம்பின் அடியில் இருந்த மாதுளை முத்திரையைத்தான் கட்டைவிரலால் மறுபடி மறுபடி தேய்த்துப் பார்த்தான். இடது இதழ் முறிந்த மாதுளை. தட்டான் ரொமேவுவின் முத்திரை. அவன் கொள்ளைநோயில் செத்து எட்டு மாதமாகிறது.

"இதை யாருய்யா வெச்சது?"

"நான் வரும்போதே கிடந்துச்சு," என்றான் எடை பார்த்துக்கொண்டிருந்த பெர்த்ரான். "அவன் முத்திரை உளியை உடைச்சுட்டேன்னு நீதானே சத்தியம் பண்ணே? அப்புறம் என்ன, செத்தவனா எந்திரிச்சு வந்து அடிச்சான்?"

கெராவுக்குச் சிரிப்பு வரவில்லை. தட்டான் செத்த அன்றே அவன் உளியை உடைத்துவிட வேண்டும். உளி முழுசாக இருக்கும்வரை அதன் அச்சு விழுந்த பொருளெல்லாம் அவனுடையதே என்பது சங்கத்து விதி. நோய்க்குப் பயந்து அன்று யாரும் வரவில்லை. "அது அவர் கையிலேயே இருக்கட்டும்" என்று ரொமேவுவின் பெண்டாட்டி சவுரினா அழுதாள். இவனும் பிணத்தின் விரல்களுக்குள் உளியைத் திணித்துவிட்டு, உடைத்ததாகப் புளுகிவிட்டான். நாலாம் மாதம் அவளையே கல்யாணமும் செய்துகொண்டான். பாவி மனுஷன், இவன் அவள்மேல் உயிரையே வைத்திருந்தான்.

மறுநாள் அவன் வீட்டு உப்புக்கிண்ணத்தில் மாதுளை இருந்தது. அதற்கடுத்த நாள், அவனே செய்துகொடுத்த சவுரினாவின் இடுப்புவார்க் கொக்கியில்.

"என்னங்க, இப்படி வெளிறிப் போயிட்டீங்க?" என்றாள். அவன் கொக்கியிலிருந்து பார்வையை விலக்கிக்கொண்டான். எந்த வாயால் சொல்வான்?

மூன்றாம் நாள், தூறல் விட்டுவிட்டு விழுந்துகொண்டிருந்த நண்பகலில், கஞ்சிக்கு வீட்டுக்கு வந்தவனுக்குப் பூண்டு வதங்கும் வாசனைக்குப் பதிலாக நனைந்த புதைகுழி மண் வாசனைதான் வாசலிலேயே எதிர்ப்பட்டது. உள்ளறையிலிருந்து ஒரு சத்தம். சின்னச் சுத்தியல்.

டக்.

ஒரே அடி.

"சவுரினா?"

முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். கூந்தல் முன்பக்கம் ஒதுங்கிக் கிடந்தது.

"வலிக்கவே இல்லைங்க," என்றாள். அவனிடம் அல்ல. சுவர் மூலையிடம்.

கெராவ் கிட்டே போனான்.

பிடரியில் மாதுளை. ஆழமாக. இடது இதழ் முறிந்திருந்தது. ரத்தம் இல்லை.

"வாடி, என்கிட்ட வந்துடு," என்று கெஞ்சினான்.

அவள் எழுந்தாள். யாருமில்லாத மூலைக்குக் கையை நீட்டினாள். அவள் விரல்கள் நெரிந்து வெளுத்தன, யாரோ இறுகப் பிடித்தாற்போல. புறங்கையில் ஈரமண் ஐந்து விரலாக அப்பியிருந்தது.