காலையில் சிவக்கும் பாலம்

“பாலம் வளையலைம்மா, உன் மென்பொருள்தான் வளையுது!”

“மாமா, முழுசா சொல்ல விடுங்க...”

“போறவன் வர்றவனெல்லாம் கை வைக்கிற நிரல்! அதை நம்பி ஒரு வாரமா பாலத்தை மூடி வெச்சிருக்கேன். உன் தப்புன்னு உங்க அக்காகிட்டயும் சொல்லிட்டேன்!”

“திறந்த மூலம்னா யார் கை வெச்சாலும் அதுலயே பதிவாகும் மாமா. மூணு வாரமா ஒரு வரிகூட மாறலை!”

“பெட்டி ரெண்டையும் ஒருத்தரும் தொடலை. அப்போ வேற என்ன?”

அளவுக்காரம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். நில அளவைத் துறையில் முப்பது வருஷம் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். கத்திக்கொண்டிருந்தவர் பாலத்தின் பராமரிப்புப் பொறியாளர். எதிரே நின்றவள் அவருடைய மைத்துனி. பாலத்துக்குக் கணினியில் ஓர் இரட்டைப் பிறவியைச் செய்து வைத்தவள். நிஜப் பாலத்தின் இரு பக்க உத்தரங்களும் எவ்வளவு நீளுகின்றன என்று பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பெட்டிகள் அளந்து அனுப்பும். கணினிப் பாலம் தன் கணக்கோடு ஒப்பிடும். ஒத்துப்போகாவிட்டால் திரை சிவக்கும். ஐந்து மணிக்குத் தலைமைப் பொறியாளர் வருகிறார். அதற்குள் காரணம் தெரியாவிட்டால் மென்பொருளும் வெளியே, அவளும் வெளியே. அதனால்தான் அளவுக்காரம்மாவைக் கூப்பிட்டிருந்தாள்.

“கண்டுபிடிச்சாச்சு!” என்றார் உடன் வந்த பழைய லாரி ஓட்டுநர். அவருக்கு அவசரம் என்றே பட்டப்பெயர். “பாலம் இத்துப்போச்சு.”

“உட்காருங்க அவசரம். ஏம்மா, எப்பெப்போ சிவக்குது?”

“போன வியாழக்கிழமையிலிருந்து காலையில சிவப்பு. உச்சி வெயில்ல அடங்கிடும். சாயங்காலம் திரும்பவும் சிவப்பு.”

“நடுவுல ரெண்டு நாள் மழை பெய்ஞ்சுதே?”

“அந்த ரெண்டு நாளும் சத்தமே இல்லை.”

“மழையில நல்லா இருந்து வெயில்ல இத்துப்போற பாலத்தை நான் பார்த்ததில்லை. வாங்க, நடப்போம்.”

பாலம் தெற்கு வடக்காகக் கிடந்தது. கீழே இறங்கும் படியில் நின்று, அளவுக்காரம்மா கிழக்கு உத்தரத்தைத் தடவினார். புதுப் பச்சை வண்ணம். பெட்டியின் மீது ஒரு சொட்டுகூட இல்லை. பெட்டிக்கும் இரும்புக்கும் இடையே இருந்த சந்தில் கைவிளக்கை அடித்துப் பார்த்தார்.

“அவசரம், உள்ளே என்ன நிறம்?”

“பச்சை... அட, பெட்டிக்குப் பின்னாடியும் பச்சையா?”

“ஆமா. ஒருத்தரும் தொடலைன்னாங்களே. தொடாத பெட்டிக்குப் பின்னாடி யார் வண்ணம் அடிச்சாங்க? உத்தரத்துக்கு எப்போ அடிச்சு முடிச்சாங்கம்மா?”

“போன புதன்கிழமை,” என்றாள் மைத்துனி. சொன்ன பிறகுதான் அவள் முகம் மாறியது.

“காலை வெயில் கிழக்கு உத்தரத்துல விழும், அது துளி நீளும். சாயங்காலம் மேற்கு நீளும். உன் கணினிப் பாலத்துக்கு அது தெரியும். ஆனா காலையில மேற்கு நீளுதுன்னு சேதி வருது. பாலமும் சரி, நிரலும் சரி. கிழக்குப் பெட்டி மேற்குல இருக்கு, மேற்குப் பெட்டி இங்க இருக்கு. வெயில் இல்லாத நாள்ல ரெண்டு பக்கமும் ஒண்ணுதானே? அதான் மழையில சத்தமில்லை.”

பெட்டியைத் திருப்பி எண்ணைப் பார்த்தார்கள். மேற்குப் பெட்டிதான்.

கைப்பிடிக் கம்பிக்கும் விளக்குக் கம்பத்துக்கும் வண்ணம் அடித்துக்கொண்டிருந்த பெயின்டர் தூரிகையோடு இறங்கி வந்தார். “கழட்டாம எப்படிங்க அடிக்கிறது? ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி. எதை எங்க மாட்டணும்னு போன் பண்ணிக் கேட்டேனே. எல்லாம் ஒண்ணுதான், எங்க வேணா மாட்டுன்னாரு.”

“யாரு?” என்றார் அவசரம்.

தூரிகை நீண்ட திசையில், பொறியாளர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைப் பார்த்தார். உள்ளங்கையெல்லாம் பச்சை ஒட்டியது.

மைத்துனி கத்தவில்லை.

“என் தப்புன்னு அக்காகிட்ட சொன்னப்போ, இந்தப் போன் உங்களுக்கு ஞாபகம் இருந்துச்சா மாமா?”