பெயர் சொல்லும் வாயில்

குளியலறைக் கதவு மூடியதும் சுவரிலிருந்த உட்கழுவி, பெண்ணுறுப்பின் உட்புறத்தைக் கழுவும் கருவி, விழித்துக்கொண்டது. மல்லிகை மணக்கும் வெதுவெதுப்பான நீர். நிலவின் மேல் அமைந்த அந்தக் குடியிருப்பில் எந்தப் பெண்ணும் அதைத் தவறவிடுவதில்லை. மரகதம் இன்று கருவியை அணைத்தாள். வெளிப்புறத்தை மட்டும் வெறும் தண்ணீரில் கழுவிக்கொண்டாள்.

வெளியே அவளுடைய நாத்தனார் இளவேனில் காத்திருந்தாள். மருத்துவக்கூடத்தில் நுண்ணுயிர் ஆய்வாளர். மரகதத்துக்கு அடிக்கடி வந்த மீன்வாடையும் நீர்த்த வெள்ளைப்படுதலும் பாக்டீரியல் வஜினோசிஸ் எனும் பிறப்புறுப்புக் கிருமிக் கோளாறு என்று சோதித்துச் சொன்னவள் அவள்தான்.

"மருந்து முடிஞ்சுதா அண்ணி?"

"முடிஞ்சுது. வாடையும் போயிடுச்சு. கழுவாம விட்டா திரும்ப வந்துடாதா?"

"கழுவினாத்தான் வர வாய்ப்பு ஜாஸ்தி. உள்ள லாக்டோபாசிலஸ்னு நல்ல கிருமி குடியிருக்கு. அமிலம் சுரந்து கெட்டதை அண்டவிடாது. நீங்க அதை தினமும் கழுவித் துரத்துறீங்க. வாடை வந்ததும் பயந்து இன்னொரு தடவை கழுவுறீங்க."

"உங்கண்ணன் பக்கத்துல படுக்கவே கூசுதுடி. அதான்."

"அண்ணன் குறட்டைல இந்தக் கூரையே அதிருது. நம்ம வாடையைப் பிடிக்க வெச்ச மாதிரி, அதைப் பிடிக்க யாராவது ஒரு வாசல் வெச்சாங்களா?"

மரகதம் சிரித்துவிட்டாள். இருவரும் வேலைக்கு நடந்தார்கள். மருத்துவக்கூடமும் உள்ளே அடங்கிய தொழிற்கூடம் கண்ணில் பட்டதும் சிரிப்பு நின்றது.

அங்கே மணவாயில் நின்றது. அடைபட்ட காற்றை எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் ஊர் என்று முதலில் குடியேறியவர்கள் வைத்தது. மல்லிகை மணக்கும் பெண்ணைப் பேசாமல் உள்ளே விடும். மணக்காதவளின் பெயரை எல்லோர் காதிலும் விழும்படி அறிவிக்கும். ஆண்கள் பக்கத்துக் கதவு வழியாகப் போனார்கள்.

"நான் திரும்பிப் போய்க் கழுவிட்டு வந்துடறேன்," என்றாள் மரகதம். "என்னால முடியாது வேனில்."

இளவேனில் அவளைத் தாண்டி வாயிலுக்குள் நுழைந்தாள்.

"இளவேனில். உட்கழுவல் செய்யவில்லை," என்று வாயில் உரக்க அறிவித்தது.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"உனக்குத்தான் எந்த நோயும் இல்லையே, நீ ஏன் கழுவல?" என்றாள் மரகதம்.

"வராமலே இருக்கட்டுமே அண்ணி. அதோட, உங்க பேரை மட்டும் தனியா கத்தினா நல்லாவா இருக்கும்? வாங்க."

மரகதம் மேலங்கியைச் சரிசெய்துகொண்டு உள்ளே கால் வைத்தாள். வாயில் அவள் பெயரையும் சொன்னது. பல மாதங்களாக எல்லோரிடமும் ஓரடி தள்ளியே நின்றவள், நாத்தனாரின் தோளை ஒட்டி நடந்தாள்.