மிஸ்டர் கிரேனின் மூன்றாம் பாகம்

பெட்டியின் மூடியைத் திறந்ததும் நஞ்சுண்டன் போட்ட சத்தத்தில், சமையலறையில் இருந்த அவர் மனைவி சாந்தாமணி கையில் கரண்டியோடு ஓடி வந்தாள். பெட்டிக்குள் வெல்வெட் பதித்த மூன்று குழிகள். இரண்டில் புத்தகங்கள் இருந்தன. மூன்றாவது காலி.

"எடுத்துட்டான்" என்றார் நஞ்சுண்டன். "எம் வீட்டுச் சோத்தைத் தின்னுபோட்டு எடுத்துட்டான்."

சாப்பாட்டு மேசையில் இருந்த கோபாலசாமி எழுந்திருக்கவில்லை. பேப்பர் நாப்கினால் விரல் விரலாகத் துடைத்தார். "வார்த்தையை அளந்து பேசுங்க. கோர்ட்டுல திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கும்."

டாலஸை ஒட்டிய ஃபிரிஸ்கோ ஊரின் போலீஸ், ஆபத்து எதுவும் இல்லையென்றால் சாயங்காலம் ஒரு ஆபீசர் வருவார் என்றது. அதுவரை இந்த இரண்டு பேரையும் ஒரே கூரையின் கீழ் வைத்திருப்பது எப்படி என்று சாந்தாமணிக்குத் தெரியவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்த விசாலாக்ஷிக்கு போன் போட்டாள்.

மதியம் மூன்று மணிக்கு விசாலாக்ஷி வந்து காரை நிறுத்தியபோது, வாசலில் நின்ற நஞ்சுண்டன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் க்ளெய்ம்களைப் பிடிக்கிறவள். இரண்டு வருஷம் முன்பு ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது என்று அவர் க்ளெய்ம் போட்டபோது, ஏணி போட்டு ஏறிப் பார்த்து, 'இந்தக் குழியெல்லாம் ஆலங்கட்டி இல்லை, உங்க கான்ட்ராக்டரோட சுத்தியல்' என்று எழுதிக் கொடுத்தவள் அவள்தான். அன்றிலிருந்து கோயிலில் பார்த்தாலும் அவர் பேசுவதில்லை.

"இவங்களை யாரு கூப்பிட்டது?"

"நாந்தான்" என்றாள் சாந்தாமணி. "உள்ள வா விசாலி."

"உங்களுக்கு வேண்டாம்னா போயிடறேன் சார்" என்றாள் விசாலாக்ஷி.

நஞ்சுண்டன் வழியை விட்டார்.

நஞ்சுண்டன் கோபிச்செட்டிபாளையத்துக்காரர். டாலஸில் முப்பது வருஷம் இதய சர்ஜனாக இருந்து ஓய்வு பெற்றவர். கத்தியைக் கீழே வைத்ததும் பழைய ஆங்கிலப் புத்தகங்களைக் கையில் எடுத்தார். படிப்பறையின் நாலு சுவரும் விக்டோரியா காலத்து லண்டன் பதிப்புகள். அவற்றில் அவருடைய உயிர் இந்த மூன்று பாக நாவல், 'தி ஹவுஸ் பை த வியர்'. எழுதியது மார்த்தா எல்வுட். போட்டது ஜோசையா கிரேன் என்ற லண்டன் பதிப்பாளர்.

"கதையைச் சொல்லுங்க. எனக்கு இதெல்லாம் தெரியாது" என்றாள் விசாலாக்ஷி.

விரோதம் இருந்தாலும் இந்தக் கதையைச் சொல்ல அவருக்குப் பிடித்திருந்தது. "அந்தக் காலத்துல நாவல்னா மூணு பாகமா போடுவாங்க. வாடகை லைப்ரரிக்காரன் ஒரு கதைக்கு மூணு தடவை காசு பாக்கலாமில்லீங்களா. கிரேன் அந்தம்மாவைப் படாத பாடு படுத்தினான். பொம்பளை பேர்ல போட மாட்டேன்னான், அத்தியாயத்தை வெட்டுன்னான். எல்லாத்தையும் மீறி புக் வந்துச்சு. 1862 கிறிஸ்மஸுக்கு அந்தம்மா ஒரு செட்டை அவனுக்கே குடுத்து, முதல் பாகத்துல கையால எழுதுச்சு."

பெட்டியில் இருந்த முதல் பாகத்தைத் திறந்து காட்டினார். பழுப்பேறிய மையில் சாய்ந்த கையெழுத்து. 'மிஸ்டர் கிரேனுக்கு. நீங்கள் வெட்டச் சொன்னதும் சேர்த்து.'

"அடுத்த வசந்தத்துல கிரேன் செத்துப் போயிட்டான். அப்புறம் மகன்தான் கம்பெனியை நடத்தினது. வர்ற திங்கக்கிழமை இந்த செட் யுனிவர்சிட்டி லைப்ரரிக்குப் போகுது. எம் பேர்ல ஒரு ரூம். இந்த ஆளுக்கு அதுதான் பொறுக்கலை."

இந்த ஆள் என்றது கோபாலசாமியை. ஹூஸ்டனில் ஆங்கிலப் பேராசிரியர். போன மாதம் தமிழ்ச் சங்கக் கூட்டத்தில், அத்தனை பேர் முன்னால், அந்தக் கையெழுத்து போலி என்றும் ஒரே ஒரு பக்கத்தைக் காட்டி நிரூபிப்பேன் என்றும் சொன்னவர். என் வீட்டுக்கு வந்து காட்டுடா என்று மைக்கைப் பிடுங்கிக் கத்தியவர் நஞ்சுண்டன். அந்தச் சவாலுக்குத்தான் இன்றைய விருந்து.

நடந்தது இவ்வளவுதான். காலையிலேயே சேனாபதி வந்துவிட்டார். புத்தகத்தை லண்டன் ஏலத்தில் எடுத்து நஞ்சுண்டனுக்கு விற்றவர் அவர். பைண்டிங் வேலையும் தெரியும், அந்தப் பெட்டியே அவர் செய்ததுதான். மூன்று பாகங்களையும் படிப்பறை மேசையில் விரித்து வைத்தார். சாந்தாமணி போட்டோ எடுத்தாள். கோபாலசாமி தாமதமாக வந்தார். முதலில் சாப்பாடு என்றாள் சாந்தாமணி. எண்ணெய்க் கை படக்கூடாது என்று சேனாபதி புத்தகங்களைப் பெட்டியில் அடுக்கி மூடி, கண்ணாடி அலமாரியில் வைத்தார். நஞ்சுண்டன் அலமாரியைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலு பேரும் சாப்பிட்டார்கள். நடுவில் கோபாலசாமி மட்டும் ஒரு போன் பேச எழுந்து, யாரும் இல்லாத படிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பிட்டு முடித்துத் திறந்தால் மூன்றாம் பாகம் இல்லை.

"தேடினீங்களா?"

"இவன் கார், இவன் பை, சோபா அடி, குப்பைத்தொட்டி. சேனாபதியே சொல்லி அவரு கார், பை எல்லாம் காட்டினாரு. எங்கியும் இல்ல."

விசாலாக்ஷி அலமாரியின் பூட்டைக் குனிந்து பார்த்தாள். பித்தளையில் ஒரு கீறல்கூட இல்லை. சாந்தாமணி காபி கொண்டுவந்தாள். மேசையில் கறுப்புத் துணி போர்த்திய இரண்டு தடித்த பஞ்சுத் திண்டுகள் கிடந்தன. பழைய புத்தகத்தை விரிக்கும்போது அட்டை முறியாமல் தாங்குவதற்கு சேனாபதி கொண்டுவந்தவை. விசாலாக்ஷி இடது திண்டில் முழங்கையை ஊன்றினாள். அது அமுங்கியது. யோசனையில் காபி டம்ளரை வலது திண்டின் மேல் வைத்தாள்.

"மேடம்!" சேனாபதி பாய்ந்து டம்ளரை எடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. "புக் வைக்கிற இடம் மேடம், அது. கறை பட்டா போச்சு."

"சாரி."

"எனக்கு இங்க வேலை இல்லன்னா கிளம்பட்டுமா?" என்றார் சேனாபதி. "நானும் ஹூஸ்டனுக்கு நாலு மணி நேரம் ட்ரைவ் பண்ணணும். ஃப்ரீவேல வேலை நடக்குது."

"கொஞ்சம் இருங்க. உங்களை ஒரு கேள்வி கேட்கணும். இந்த மூணுல எது முக்கியம்?"

"முதல் பாகந்தான். கையெழுத்து அதுலதான இருக்கு."

"அப்போ ஏன் மூணாவதை எடுத்தாங்க?"

"செட் உடைஞ்சா மதிப்பு போயிடும். டாக்டரை அவமானப்படுத்த அது போதும்." சேனாபதி பெயரைச் சொல்லாமலே கோபாலசாமியைச் சொன்னார்.

விசாலாக்ஷி வரவேற்பறைக்குப் போனாள். கோபாலசாமி சோபாவின் நுனியில் பையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார்.

"சார், எந்தப் பக்கத்தைக் காட்டறதா இருந்தீங்க?"

"எதுக்கு உங்ககிட்ட சொல்லணும்? நீங்க அவர் பக்கத்து ஆள்."

"அவர் எங்கூட ரெண்டு வருஷமா பேசறதில்ல."

அவர் முதல் தடவையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "போன் பேசப் போனேன். என் பொண்ணு, பிரசவ வலின்னு. அலமாரியைத் திரும்பிக்கூடப் பாக்கல. இதைச் சொன்னா நம்பவா போறாரு?"

"பக்கம் எது சார்?"

"மூணாம் பாகத்தோட கடைசி. அந்தக் காலத்துப் பதிப்பாளருங்க புக்கு பின்னாடி தங்களோட விளம்பரத்தையும் சேர்த்து பைண்ட் பண்ணுவாங்க. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு எக்ஸிபிஷன்ல இதைப் புரட்டினப்போ பாத்தேன். அதுல எல்வுட்டோட அடுத்த நாவல் வெளிவந்தாச்சுன்னு விளம்பரம் இருக்கு. அது 1864ல வந்தது."

விசாலாக்ஷி ஒரு கணம் கணக்குப் போட்டாள். "கிரேன் செத்தது..."

"63. அச்சடிச்சு மிச்சம் இருந்த தாளை மகன் அப்புறமா பைண்ட் பண்ணி வித்திருக்கான். இந்த செட்டை கிரேன் கண்ணால பாத்திருக்கவே முடியாது. அப்புறம் அந்தம்மா யாருக்கு எழுதிக் கொடுத்தாங்களாம்?"

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"பொண்டாட்டிகிட்டகூட சொல்லல."

அவள் எழுந்தாள். இந்த வீட்டில் சாந்தாமணியைத் தவிர யாரையும் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று கூரையில் நின்றபோது வந்த அதே உணர்வு இப்போதும் வந்தது. அந்தக் கூரைக் குழிகளைப் போலவே இங்கேயும் எல்லாம் கொஞ்சம் அதிகமாகவே ஒழுங்காக இருந்தது.

நாலு பேரையும் படிப்பறைக்கு அழைத்தாள்.

"நஞ்சுண்டன் சார், சாப்பிடப் போகும்போது நீங்க அலமாரிக்குள்ள பூட்டினது பெட்டியையா, புத்தகத்தையா?"

"என்ன கேள்வி இது? பெட்டிக்குள்ளதான புக்கு இருந்துச்சு!"

"நீங்க பாத்தீங்களா?"

அவர் சேனாபதியைத் திரும்பிப் பார்த்தார். "மூடி வெச்சிருந்தாரு. பூட்டினேன்."

"யாரும் பூட்டைத் தொடல. தொட வேண்டியதே இல்ல. பூட்டும்போதே உள்ள ரெண்டு புத்தகம்தான். இன்னொண்ணு. ப்ரொஃபசர் சொன்ன 'ஒரு பக்கம்' கையெழுத்துப் பக்கம்னுதான் நீங்க எல்லாரும் நினைச்சீங்க. அது முதல் பாகம். அதை மறைக்க நினைக்கறவன் முதல் பாகத்தைத்தான் எடுப்பான். ஆபத்து மூணாவதுல இருக்குன்னு தெரிஞ்சது ரெண்டே பேருக்கு. அந்தப் பக்கத்தைக் காட்ட வந்தவர் ஒருத்தர். அவர் அதை ஒளிச்சா அவருக்கே நஷ்டம். இன்னொருத்தர், அவர் பேச்சைக் கேட்டதும் பயந்துபோய், தான் வித்த செட்டோட பழைய போட்டோ ஒவ்வொண்ணையும் திரும்பப் பாத்திருக்கணும். இந்தப் பெட்டியை அடுக்கி மூடினவரும் அவர்தான்."

"மேடம், இது டூ மச்" என்றார் சேனாபதி.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சிருக்கலாம். ஆனா கிழிச்ச இடமே சாட்சி சொல்லும். புத்தகமே காணோம்னா, பழி நேரா கோபாலசாமி சார் தலைல விழும்."

"நல்லா இருக்கு கதை. புக் எங்க? என் காரைப் பாத்தாச்சு, பையைப் பாத்தாச்சு."

"எல்லாத்தையும் பாத்தாங்க. அதைத் தவிர."

விசாலாக்ஷி இடது திண்டில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். அது மேசைவரை அமுங்கியது. வலது திண்டில் வைத்தாள். அமுங்கவில்லை.

"அதனாலதான் என் டம்ளர் ஆடாம நின்னுது. பஞ்சு மேல வெச்ச டம்ளர் சாயணும் இல்லையா?"

கறுப்புத் துணியின் ஜிப்பைத் திறந்தாள். உள்ளே பஞ்சை வெட்டிக் குடைந்த பள்ளத்தில், மெல்லிய தாளில் சுற்றிப் பத்திரமாக, மூன்றாம் பாகம் இருந்தது. திருடியவனுக்கும் அதைக் கசக்க மனம் வரவில்லை.

கோபாலசாமி அதை வாங்கிக் கடைசித் தாள்களைப் புரட்டி, ஒரு பக்கத்தில் நிறுத்தி, நஞ்சுண்டன் முன்னால் வைத்தார். நஞ்சுண்டன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படித்தார். மறுபடி படித்தார்.

"சேனாபதி" என்றார், மெதுவாக. "அந்தக் கையெழுத்து நீ போட்டதா?"

சேனாபதி முதலில் கதவைப் பார்த்தார். பிறகு அவரையே பார்த்தார். "வெறும் செட்டைத்தான் முதல்ல கொண்டுவந்தேன் டாக்டர். இது எவன்கிட்டயும் இருக்கும், எவன்கிட்டயும் இல்லாதது வேணும்னு சொன்னது யாரு? நீங்க கேட்டீங்க, கொடுத்தேன். பத்து வருஷமா வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டி மார்தட்டினப்போ ஒரு நாளாவது கடைசிப் பக்கத்தைத் திறந்து பாத்தீங்களா?"

நஞ்சுண்டனின் கை உயர்ந்தது. சாந்தாமணி குறுக்கே வந்து நின்றாள். "போலீஸ் வர்ற நேரம். உட்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இதயங்களைத் திறந்து மூடிய அந்தக் கைகள் மூன்றாம் பாகத்தை மூடித் தள்ளி வைப்பதை விசாலாக்ஷி பார்த்தாள். பார்க்காதது போல இருக்கலாம் என்று நினைத்தாள். ஆனால் அவர் கண்டுகொண்டார்.

"கூரையும் போச்சு, இதும் போச்சு" என்றார் அவளிடம். "இப்போ திருப்தியா உங்களுக்கு?"

"இல்ல சார்."

உண்மையாகவே இல்லை. ஆனாலும் அதற்காக அவள் வருத்தம் தெரிவிக்கவில்லை.

கோபாலசாமி பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "என்னைத் திருடன்னு சொன்னீங்க. மன்னிப்பு கேக்கணும்."

"திருடன்னது தப்பு" என்றார் நஞ்சுண்டன், தலையை நிமிர்த்தாமல். "மத்தபடி உன்னைப் பத்தி நான் சொன்னதெல்லாம் சரி. கிளம்பு."

"உங்க பேர்ல ரூம் வராதுங்கறதுல எனக்குச் சந்தோஷம்தான். மறைக்கல."

கோபாலசாமி வாசலுக்குப் போனார். சாந்தாமணி போனை எடுத்து ஒரு நம்பரை அழுத்தி, இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கணவன் கையில் வைத்தாள். "லைப்ரரி டைரக்டர் லைன்ல இருக்காங்க. திங்கக்கிழமை வேற யாரோ சொல்லி அவங்க தெரிஞ்சுக்கக் கூடாது. பேசுங்க."

நஞ்சுண்டன் போனைக் கொஞ்ச நேரம் காதில் வைக்காமலே பிடித்திருந்தார். பிறகு ஆங்கிலத்தில் பேசினார். நன்கொடையைத் திரும்பப் பெறுகிறேன் என்றார். கையெழுத்து போலி என்றார். எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள்.

"இல்லை. நான் கண்டுபிடிக்கவில்லை" என்றார். "ஹூஸ்டன் பேராசிரியர் ஒருவர் கண்டுபிடித்தார். ரெக்கார்டில் அவர் பேரைப் போடுங்கள்."

வாசலில் ஒரு காலில் மட்டும் ஷூவை மாட்டியிருந்த கோபாலசாமி அப்படியே நின்றார். அவரைப் பார்க்காமல், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, தான் வெறுக்கிற மனிதரின் பெயரை நஞ்சுண்டன் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். எதிர்முனையில் தவறாகத் திருப்பிச் சொன்னபோது, மறுபடியும் முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்.