கட்டையில் ஒரு கீறல்

எங்கள் அம்மா யசோதா மரக்கட்டையில் படம் செதுக்கி, மை தடவி, தாளில் அச்செடுப்பாள். ஜீவனஹள்ளியில் யாரைக் கேட்டாலும், "அச்சு டீச்சர் வீடா?" என்று எங்கள் வீட்டுக்கு வழி காட்டுவார்கள். எங்கெங்கிருந்தோ மாணவர்கள் அவளிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். எனக்குப் பெருமை தாங்காது. சொன்னால் என்ன, உண்மைதானே!

1996இல் அம்மா எதிர்வீட்டு சந்திரம்மா அக்காவைச் செதுக்கினாள். இஸ்திரி வண்டி, கையில் இஸ்திரிப் பெட்டி, பின்னால் கருத்த சுவர். பத்தே படங்கள்தான் அச்சடித்தாள். அதில் ஒன்று அக்காவுக்கு என்று பேச்சு. ஆனால் மற்றவற்றை விற்பனைக்கு வைத்த கண்காட்சிக்காரர்கள் தவறுதலாக அதையும் சேர்த்து விற்றுவிட்டார்கள்.

விஷயம் தெரியாமல் அக்கா வந்து என் முன்னால் நின்றாள்.

"ஷில்பா, சுவத்துல ஆணி அடிச்சாச்சு! நாளைக்கு எங்க அண்ணன் தொம்மலூர்லருந்து வருது. 'உன்னைப் போய் யாரு படம் போடுவா'ன்னு சிரிச்சுதுல்ல, வந்து பாக்கட்டும்!"

அம்மா தயங்கித் தயங்கி நடந்ததைச் சொன்னாள். அக்காவின் முகம் வாடிப்போயிற்று.

"பரவாயில்ல விடு டீச்சர். சும்மா ஒரு ஆணிதானே" என்று போய்விட்டாள்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "இன்னொண்ணு அடிச்சா என்னம்மா? கட்டை இங்கதானே இருக்கு!"

"பத்துதான்னு சொல்லி வித்திருக்கேன் கண்ணு. இன்னொண்ணு போட்டா வாங்கினவங்களை ஏமாத்தின மாதிரி. இன்னைக்குக் கட்டையைக் கீறிடப் போறேன்."

இந்தத் தொழிலில் அது வழக்கம். மறுபடி யாராலும் அதே படத்தை அச்சடிக்க முடியாதபடி கட்டையின் குறுக்கே ஆழமாகக் கீறிவிடுவார்கள். கீறியதற்குச் சாட்சியாக, கீறலோடு ஒரே ஒரு படம் எடுத்து வைப்பார்கள்.

அம்மா உளியை எடுத்தாள். நேராக அக்காவின் மூக்குக்குக் கொண்டு போனாள்.

"நில்லும்மா! கீறல் எங்க வேணா போடலாமா?"

"இந்தக் கோடியிலருந்து அந்தக் கோடிக்குப் போகணும். அவ்வளவுதான்."

"அப்ப அக்கா மூக்கை விட்டுடு! தலைக்கு மேல, சுவத்துல போடு. செதுக்கின இடம் வெள்ளையாத்தானே விழும்? துணி காயப்போடற கயிறு மாதிரி இருக்கும்ல!"

அம்மா கட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "அடி கழுதை!" என்று சிரித்து, உளியை என் கையில் கொடுத்தாள். என் கைமேல் தன் கையை வைத்து அவளும் தள்ளினாள். கோடு கொஞ்சம் கோணிவிட்டது. கயிறுதானே, தொய்ந்தால் என்ன!

சாட்சிப் படத்தில் அம்மா பென்சிலால் தன் பெயரை எழுதினாள். பக்கத்தில் 'கயிறு: ஷில்பா' என்றும் எழுதினாள். மை காய்ந்ததும், "சாட்சி அக்கா வீட்டுச் சுவத்துலயே இருக்கட்டும்" என்று அம்மா சொல்ல, அதை எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு ஓடினேன்.

"அய்யோ ராமா! நானா இது?" என்றாள் அக்கா. படத்தில் ராணி மாதிரி இருந்தாள்.

மறுநாள் தொம்மலூர் அண்ணன் அந்தப் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.

அடுத்த வாரம் இஸ்திரி வண்டியருகே ஒரு கார் வந்து நின்றது. சீனிவாசராகவன் இறங்கினார். பத்துப் படங்களில் ஒன்றை வாங்கியவர் அவர்.

"கயிறு இருக்கிற படம் உங்ககிட்ட இருக்காமே? என் படத்தை வச்சுக்கிட்டு, அதைக் குடுங்களேன்."

சந்திரம்மா அக்கா இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

"உங்களது மாதிரி பத்து இருக்கு சார். என்னுது ஒண்ணே ஒண்ணு. வீட்டுக்குள்ள வாங்க, பாத்துட்டுப் போங்க."