தகட்டில் ஒட்டியிருந்தது

பாத்திரத்தில் வெறும் தண்ணீர்தான் கொதித்தது. மேலே மஞ்சளாகக் கொழுப்பு மிதந்தது.

நிஷாத் அதைக் கொட்டிவிட்டு, புளியும் சாம்பலும் போட்டுப் பாத்திரத்தைத் தேய்த்து, மறுபடி தண்ணீர் வைத்தான். மறுபடி அதே கொழுப்பு. கறிக்கடைக் கழிவு வெயிலில் கிடந்து ஊறினால் வரும் நாற்றமும் பெட்ரோல் வாடையும் சேர்ந்து மூக்கில் ஏற, அவனுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சோப்பு போட்டுக் கழுவியும் விரல் இடுக்கில் பிசுபிசுப்பு போகவில்லை.

பாத்திரம் அவனே வார்த்தது. கள்ளக்குறிச்சியில் பழைய இரும்புக் கடையும், வீட்டுப் பின்கட்டில் அலுமினியம் உருக்கும் உலையும் வைத்திருந்தான். வெள்ளிமலைக்கு மேலே மண் சரிந்து, உலக யுத்த காலத்துக் குண்டுவீச்சு விமானம் ஒன்று வெளியே தெரிகிறது என்று கேள்விப்பட்டதும் அவனுக்கு வாயெல்லாம் பல்.

அதன் தகடுகளை அவனுக்காக ஜீப்பில் இறக்கிவந்த மலையூர்க்காரன் இருசப்பன் மலைப்பாதை முழுக்க அதன் கதையைத்தான் சொன்னான். இரண்டு எஞ்சின் இருந்தும் இழுக்காத சவலை. யுத்தத்துக்கென்று செய்துவிட்டு, அனுப்பப் பயந்து, கடலோரம் சும்மா சுற்றவிட்டார்களாம். எதிரி மேல் ஒரு குண்டுகூடப் போட்டதில்லை. கொன்றதெல்லாம் சொந்த ஆட்களைத்தான்.

"எரிஞ்சப்போ எங்க தாத்தா பாத்தாரு பாய். பட்டாளத்துக்காரங்க வந்து எஞ்சினைக் கழட்டிக்கினு போனாங்க. ஆளுங்கள எடுக்கல. எடுக்க இன்னா இருந்துச்சு? தகட்டோட உருகி ஒட்டிக்கினு கெடந்தாங்க. எங்காளுங்க மாட்டுக் கொட்டாய்க்குக்கூட அதைத் தொட மாட்டாங்க."

தகட்டின் உள்பக்கம் கறுப்பாகப் பிசின் அப்பியிருந்தது. சுரண்டிவிட்டுத்தான் உருக்க வேண்டும். பழைய ஆயில்தானே, நெருப்பில் போனால் எல்லாம் சுத்தம் என்று நிஷாத் அப்படியே உலையில் தள்ளினான். தொழில் தெரிந்தவனின் திமிர், வேறென்ன? முதல் வார்ப்பில் வீட்டுக்கு ஒரு பாத்திரம் எடுப்பது அவர்கள் குடும்ப வழக்கம். அதைத் தன் மனைவி பாயிஸாவிடம் கொடுத்தான்.

பாயிஸாவுக்கு ஏழாம் மாசம். இரண்டு தடவை கலைந்து, இதுவாவது தங்க வேண்டும் என்று இருவரும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எதைத் தின்றாலும் வாந்தி எடுத்தவள், இந்தப் பாத்திரத்துச் சோற்றை மட்டும் வழித்து வழித்துத் தின்றாள். முதலில் அவனுக்குச் சந்தோஷம். பிறகு அவள் மூச்சிலும் அந்த நாற்றம் வந்தது. தலையணையில் எண்ணெய்க் கறை படிந்தது. பக்கத்தில் படுக்க அருவருப்பாக இருந்தது; அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

"இத்தத் தூக்கிப் போட்டுடுறேன் பாயிஸா."

"தொட்டுப் பாருங்க, தெரியும்."

அவள் அப்படிப் பேசுகிறவள் இல்லை.

சாயங்காலம் அவள் கண்ணயர்ந்த நேரம் பார்த்துப் பாத்திரத்தைச் சாக்கில் கட்டிக் கோமுகி ஆற்றில் வீசிவிட்டு வந்தான். திரும்பும்போது இருட்டி, மக்ரிப் பாங்கும் முடிந்திருந்தது. வீட்டில் கரண்ட் இல்லை. வாசலிலேயே நாற்றம் முகத்தில் அடித்தது.

"பாயிஸா?"

கட்டிலில் இல்லை. சமையல்கட்டிலும் இல்லை. பின்கட்டில் ஏதோ சத்தம். சுரண்டும் சத்தம். பிறகு நக்கும் சத்தம்.

செல்போன் வெளிச்சத்தை அடித்தான்.

உலைக்கு முன்னால் குந்தியிருந்தாள். அடியில் இறுகிக் கிடந்த கறுப்புக் கசடை நகத்தால் பேர்த்தாள். வாயில் போட்டாள். மென்றாள். நகம் ஒன்று பிய்ந்து தொங்கியது. அதையும் சேர்த்து மென்றாள்.

அவன் அங்கேயே வாந்தி எடுத்தான்.

"பசிக்குதுங்க." கன்னத்தில் கண்ணீர். தாடை நிற்கவில்லை. "நான் இன்னா பண்ணட்டும்? இவங்களுக்குப் பத்தலையே."

"யாருக்கு?"

அவள் நைட்டியைத் தூக்கினாள்.

வயிற்றுத் தோல் பளபளவென்று விம்மியிருந்தது. உள்ளிருந்து ஒரு கை அழுத்தியது. ஐந்து விரலும் தெரிந்தன. பக்கத்தில் இன்னொரு கை. அதன் மேல் இன்னொன்று.

எல்லாமே அவன் கையைவிடப் பெரியவை.